அசையும் மாதிரி செய்வோருக்கு: நெம்புகோல் முதல் கேம் வரை

பள்ளி அறிவியல் கண்காட்சிக்கு “ஏதாவது அசைகிற மாதிரி செய்து வா” என்று ஆறாம் வகுப்பிலிருந்தே பிள்ளைகளிடம் சொல்லிவிடுகிறார்கள். எப்படிச் செய்வது என்பதைத்தான் எவரும் சொல்வதில்லை. காணொளிகளில் அட்டையை வெட்டுவதும் ஒட்டுவதும் ஓட்டமாக ஓடிவிடுகின்றன. துளை எங்கே விழுந்தது, கை (அசையும் அட்டைத் துண்டு) எத்தனை செ.மீ. நீளம், எது ஒட்டப்பட்டது, எது ஒட்டாமல் விடப்பட்டது என்ற விவரங்கள் கண்ணில் படுவதே இல்லை. எங்கள் வீட்டில் இந்த வேலையோடு மல்லுக்கட்டியதில் தெரிந்துகொண்டவற்றை, அடுத்து இதில் இறங்கும் பெற்றோரும் மாணவரும் அலையாமல் இருக்க, வரிசையாக எழுதியிருக்கிறேன். மோட்டாரும் மின்கலமும் வேண்டாம்; அட்டை, மூங்கில் குச்சி, சில போல்ட்டுகள் போதும்.

1. எந்த அசைவு வேண்டும் என்பதை முதலில் முடிவு செய்யுங்கள்

பெரும்பாலோர் பொம்மையை முதலில் வரைந்துவிட்டு, பிறகு அதை எப்படி ஆட்டுவது என்று யோசிக்கிறார்கள். வேலை பாழாவது பெரும்பாலும் இங்கேதான். உங்கள் கை தரும் அசைவு என்ன, பொம்மைக்கு வேண்டிய அசைவு என்ன என்ற இரண்டையும் ஒரு தாளில் எழுதிக்கொள்ளுங்கள். கையால் இழுத்தால் பொம்மையின் ஒரு பகுதி வீசி ஆட வேண்டுமா? அப்படியானால் நெம்புகோல் போதும். கைப்பிடியைச் சுற்றினால் ஒன்று முன்னும் பின்னும் நகர வேண்டுமா? அதற்குக் கிராங்க். சுற்றினால் ஒன்று மெல்ல உயர்ந்து திடீரென்று விழ வேண்டுமா? அதற்குக் கேம் (cam), அதாவது அச்சோடு சுழன்று, தன்மேல் நிற்பதை விளிம்பால் தூக்கி இறக்கும் தட்டு. முதல் மாதிரிக்கு இந்த மூன்றில் ஒன்றை மட்டும் எடுத்துக்கொள்ளுங்கள். மூன்றையும் ஒரே பெட்டிக்குள் அடக்க முயன்றால் எதில் பிழை என்று கண்டுபிடிக்கவே முடியாது.

2. நிலை அச்சையும் நகரும் அச்சையும் பிரித்துக் குறியுங்கள்

இந்த மாதிரிகளில் இரண்டு வகை அச்சுகள் உண்டு. பின்னால் இருக்கும் பலகையோடு சேர்த்துக் குத்தப்பட்டு இடம் மாறாமல் நிற்பது நிலை அச்சு. இரண்டு கைகளை மட்டும் இணைத்து அவற்றோடு சேர்ந்து அலைவது நகரும் அச்சு. ஏ4 தாளில் உண்மை அளவிலேயே படம் வரைந்து, நிலை அச்சுகளைச் சிவப்பிலும் நகரும் அச்சுகளை நீலத்திலும் குறியுங்கள். நகர வேண்டிய அச்சைப் பலகையோடு சேர்த்துக் குத்திவிட்டால் எல்லாம் இறுகி நிற்கும். நிலையாக நிற்க வேண்டியதைக் குத்தாமல் விட்டால் கைகள் துவண்டு தொங்கும். “அசையவில்லை” என்று வரும் புகார்களில் பாதிக்குமேல் இதுதான் காரணம் என்பது என் கணிப்பு.

பக்கமும் முக்கியம். கிளையில் இருக்கும் காகம் தலை குனிந்து கொத்த வேண்டும் என்று வைத்துக்கொள்வோம். தலை, நெம்புகோலின் நீண்ட கையின் நுனியில் இருக்கிறது. கீழே தொங்கும் அட்டைப் பட்டையை நீங்கள் இழுக்கிறீர்கள். அந்தப் பட்டையை நிலை அச்சுக்கு அப்பால், தலைக்கு எதிர்ப்பக்கத்தில் கோர்த்தால், பட்டையைக் கீழே இழுக்கும்போது தலை மேலே போகும். தலை இருக்கும் பக்கத்திலேயே கோர்த்தால் தலையும் கீழே வரும். படத்தை மாற்ற வேண்டியதில்லை. துளையின் இடத்தை மாற்றினாலே அசைவின் திசை மாறிவிடும்.

3. கை நீளத்தைக் கணக்கிட்டு வெட்டுங்கள்

பாடநூலில் வரும் விதி, விசையையும் அதன் கை நீளத்தையும் (நிலை அச்சிலிருந்து அது உள்ள தூரம்) பெருக்கினால் வருவதும், பளுவையும் அதன் கை நீளத்தையும் பெருக்கினால் வருவதும் சமம் என்பதுதான். கடப்பாரையில் நாம் நீண்ட கையைப் பிடித்து, குறுங்கையால் கல்லைப் பெயர்க்கிறோம். விசை மிஞ்சுகிறது, தூரம் குறைகிறது. பொம்மைகளில் நமக்கு வேண்டியது நேர்மாறானது. குறுங்கையைக் கொஞ்சம் இழுத்து, நீண்ட கையின் நுனியை நிறைய வீச வேண்டும்.

ஒரு கணக்கைப் பார்ப்போம். நிலை அச்சிலிருந்து பட்டை கோர்க்கும் துளைவரை 2 செ.மீ., தலையின் நுனிவரை 8 செ.மீ. என்று வைத்துக்கொள்ளுங்கள். நெம்புகோல் கிடைமட்டத்திலிருந்து மேலே 30 பாகையும் கீழே 30 பாகையும் ஆடினால், பட்டை நகர வேண்டிய தூரம் 2 செ.மீ.; தலை நகரும் தூரம் 8 செ.மீ. அதாவது நான்கு மடங்கு அசைவு கிடைக்கிறது. அதற்கு விலையாக, தலையைத் தூக்க அதன் எடையைப் போல் நான்கு மடங்கு விசை கொடுக்க வேண்டியிருக்கும். அதனால்தான் தலைக்கு மெல்லிய அட்டையைப் பயன்படுத்தச் சொல்வது. அழகுக்காக ஒட்டும் களிமண் அலகும் கோலிகுண்டுக் கண்ணும் இங்கே பகையாகிவிடும்.

இதில் ஒளிந்திருக்கும் ஒரு சிக்கலையும் சொல்லிவிடுகிறேன். நெம்புகோலின் துளை வட்டத்தின் ஒரு வில்லில் நகர்கிறது. பட்டையோ நேர்கோட்டில் போக விரும்புகிறது. மேலே சொன்ன அளவுகளில் துளை பக்கவாட்டில் ஏறக்குறைய 3 மி.மீ. விலகும். பட்டை வெளிவரும் வெட்டு பட்டையின் அகலத்துக்கு மிகச் சரியாக இருந்தால், பாதி இழுப்பில் அது பிடித்துக்கொள்ளும். வெட்டை 3 மி.மீ. கூடுதலாக வையுங்கள், அல்லது நெம்புகோலில் உள்ள துளையைக் கைநீளவாக்கில் அவ்வளவு நீட்டிவிடுங்கள்.

4. பொருள்களும் செலவும்

நெளி அட்டையை வாங்க வேண்டாம். மளிகைக் கடையில் கேட்டால் பெட்டியாகவே கொடுத்துவிடுவார்கள். அட்டையை வெட்டுமுன் அதன் உள்ளே இருக்கும் நெளிவு எந்தத் திசையில் ஓடுகிறது என்று பாருங்கள். கையின் நீளவாக்கில் நெளிவு ஓடுமாறு வெட்டினால் கை விறைப்பாக நிற்கும். குறுக்கே ஓடினால் முதல் இழுப்பிலேயே மடியும்.

காசு கொடுத்து வாங்க வேண்டியவை சிலவே. மூங்கில் குச்சிக் கட்டு ஒன்று, சூட்டுப் பசைக் குச்சிகள், சிறிய பெவிகால் புட்டி, 3 மி.மீ. போல்ட்டும் நட்டும் வாஷரும் பத்துப் பத்து, காகித உறிஞ்சு குழல்கள் சில. சூட்டுப் பசைத் துப்பாக்கி வீட்டிலேயே இருந்தால், எல்லாம் சேர்ந்து 300 ரூபாய்க்குள் முடிந்துவிடும்; துப்பாக்கியும் வாங்க வேண்டுமென்றால் இன்னொரு 150 முதல் 300 ரூபாய்வரை வைத்துக்கொள்ளுங்கள். போல்ட்டைப் பொம்மைக் கடையிலோ இணையத்திலோ தேடாதீர்கள். ஹார்டுவேர் கடையில் சில்லறையாகவே எண்ணிக் கொடுப்பார்கள். எல்லாப் பாகங்களும் வெட்டி வரும் ஆயத்தப் பெட்டிகள் விலையிலும் அதிகம். அவற்றை வைத்துச் செய்த மாதிரியை நடுவர்கள் பார்த்த மாத்திரத்தில் அடையாளம் கண்டுகொள்வார்கள்.

பெட்டித் துண்டில் கூரிய கத்தியை வைத்து வெட்டுவதும் சூட்டுப் பசையை ஊற்றுவதும் பெரியவர் பக்கத்தில் இருக்கும்போது மட்டும் நடக்கட்டும். அந்தப் பசை விரலில் பட்டால் உதறினாலும் போகாது.

5. அச்சைச் சுழலும்படி பொருத்துங்கள்

துளையைக் கத்தரிக்கோல் நுனியால் குடைந்தால் அது நீள்வட்டமாகி, கை தளர்ந்து ஆடும். குச்சியின் நுனியைக் குத்தி, மெல்லச் சுற்றிச் சுற்றி அகலப்படுத்துங்கள். அல்லது தோல் தைப்பவர் வைத்திருக்கும் துளைப்பான் கிடைத்தால் மிக நல்லது.

போல்ட்டால் பொருத்தும்போது வரிசை இதுதான்: போல்ட்டின் தலை, ஒரு வாஷர், முதல் அட்டை, நடுவில் ஒரு வாஷர், இரண்டாம் அட்டை, மேலே ஒரு வாஷர், பிறகு நட்டு. நட்டை இறுக்கிவிடாதீர்கள். மேல் வாஷருக்கும் அட்டைக்கும் இடையில் ஒரு தாள் நுழையும் அளவுக்கு இடம் விட்டு, அதன்மேல் இரண்டாவது நட்டைப் போட்டு, கீழ் நட்டை ஒரு கையால் பிடித்துக்கொண்டு மேல் நட்டை அதன்மீது இறுக்குங்கள். இரண்டு நட்டுகளும் ஒன்றையொன்று பூட்டிக்கொள்ளும். கை எத்தனை முறை ஆடினாலும் அவிழாது. ஒற்றை நட்டை நம்பினால், கண்காட்சியில் பத்துப் பேர் ஆட்டிப் பார்த்த பிறகு அது தரையில் கிடக்கும்.

குண்டூசியும் டிராயிங் பின்னும் சோதனைக்கு மட்டும் நல்லவை. எதையும் ஒட்டுவதற்கு முன், வெட்டிய கைகளைத் தெர்மாகோல் பலகைமீது டிராயிங் பின் கொண்டு குத்தி ஆட்டிப் பாருங்கள். துளை தவறான இடத்தில் இருந்தால் பின்னைப் பிடுங்கி வேறிடத்தில் குத்தலாம். ஒட்டிய பிறகு அது நடக்காது.

6. கிராங்க்: சுற்றுவதை ஆட்டமாக மாற்றுவது

சுழலும் அச்சிலிருந்து விலகி நிற்கும் ஒரு கைதான் கிராங்க். அதன் நுனியில் ஒரு தண்டை இணைத்து, தண்டின் மறுமுனையை நேரான வழியில் மட்டும் நகரவிட்டால், அந்த முனை முன்னும் பின்னும் போய்வரும். அந்த வழி சுழலும் அச்சுக்கு நேராக அமைந்தால், போய்வரும் தூரம் கிராங்கின் நீளத்தைப் போல் இரண்டு மடங்கு: 1.5 செ.மீ. கிராங்க் என்றால் 3 செ.மீ. தண்டு கிராங்கைப் போல் குறைந்தது மூன்று மடங்காவது நீளமாக இருக்கட்டும். இல்லையென்றால் தண்டு மிகவும் சாய்ந்து, வழியின் சுவரை அழுத்தி நிற்கும்.

நேர்கோட்டுக்குப் பதில் இன்னொரு கையை ஆட்ட வேண்டுமென்றால் அது நான்கு கை இணைப்பு. நிலை அச்சுகள் இரண்டுக்கும் இடையே உள்ள தூரத்தையும் ஒரு கையாகவே கணக்கில் சேர்க்க வேண்டும் என்பதைப் பலர் மறந்துவிடுகிறார்கள். மிகக் குறுகிய கையையும் மிக நீண்ட கையையும் கூட்டினால் வருவது, மற்ற இரண்டின் கூட்டுத்தொகையைத் தாண்டக் கூடாது. தாண்டினால் எந்தக் கையும் முழுச் சுற்று சுற்றாது. 2, 6, 5, 6 செ.மீ. என்றால் 8 ஒரு பக்கம், 11 மறுபக்கம், தாராளமாகச் சுற்றும். 4, 8, 5, 6 என்றால் 12 ஒரு பக்கம், 11 மறுபக்கம். பாதியில் முட்டி நிற்கும். அட்டையை வெட்டுமுன் இந்த ஒரு கூட்டலைச் செய்துவிட்டால் ஒரு மாலை நேரம் மிச்சம்.

சுற்ற வேண்டியது கிராங்கைத்தான். ஆடும் முனையைத் தள்ளி அதைச் சுற்றவைக்க முயலாதீர்கள். கிராங்கும் தண்டும் ஒரே கோட்டில் வந்து நிற்கும் இரண்டு இடங்களில், தள்ளினாலும் இழுத்தாலும் அது எந்தப் பக்கம் சுற்றுவது என்று தெரியாமல் நின்றுவிடும். மிதி தையல் இயந்திரத்தில் இதே அமைப்புதான் இருக்கிறது: மிதியின் ஆட்டம் தண்டு வழியாகச் சக்கரத்தைச் சுற்றுகிறது. புதிதாகத் தைக்கப் பழகுகிறவருக்குச் சக்கரம் பின்பக்கமாகச் சுற்றி நூல் அறுவதும், கையால் சக்கரத்தைத் தட்டிவிட்டு மிதிக்கத் தொடங்குவதும் இதனால்தான். கனமான சக்கரம் ஓடத் தொடங்கிவிட்டால் அந்த இடங்களைத் தன் வேகத்திலேயே கடந்துவிடும். அட்டைச் சக்கரத்துக்கு அந்தக் கனம் கிடையாது.

7. கேம்: உலக்கை குத்தும் பெட்டி

ஒரே ஒரு மாதிரிதான் செய்யப்போகிறேன் என்பவருக்கு நான் சொல்வது இதைத்தான். ஓர் உரலில் இரண்டு பேர் மாற்றி மாற்றி நெல் குத்துவதைக் காட்டும் பெட்டி. சுற்றினால் உலக்கை மெல்ல உயரும், சட்டென்று விழும். இதற்கு நத்தை வடிவக் கேம் வேண்டும்.

வரையும் முறை: ஒரு புள்ளியிலிருந்து 45 பாகை இடைவெளியில் எட்டுக் கோடுகளை இழுங்கள். முதல் கோட்டில் 1.5 செ.மீ. தொலைவில் புள்ளி வையுங்கள். அடுத்தடுத்த கோடுகளில் ஒவ்வொன்றுக்கும் 2.5 மி.மீ. கூட்டிக்கொண்டே போங்கள்: 1.75, 2.0, 2.25 என்று எட்டாவது கோட்டில் 3.25 செ.மீ. வரும். சுற்று முடிந்து முதல் கோட்டுக்குத் திரும்பும்போது 3.5 செ.மீ. ஆகியிருக்கும். புள்ளிகளை வளைகோட்டால் இணைத்து, 3.5-இலிருந்து 1.5-க்கு நேராக ஒரு வெட்டு வெட்டுங்கள். இதில் உலக்கை 2 செ.மீ. உயர்ந்து அந்த வெட்டில் விழும். இப்படி இரண்டு கேம்களை, ஒவ்வொன்றையும் இரண்டு அடுக்கு அட்டை ஒட்டித் தடிமனாகச் செய்து, ஒரே மூங்கில் குச்சியில் ஒன்றுக்கொன்று அரைச் சுற்று விலக்கி ஏற்றுங்கள். அரைச் சுற்றுக்கு ஒரு குத்து என்று மாறி மாறி விழும்.

பெட்டி 15 செ.மீ. சதுரமாக இருக்கட்டும். குச்சி, அடியிலிருந்து 5 செ.மீ. உயரத்தில், பக்கச் சுவர்களில் ஒட்டிய உறிஞ்சு குழல் துண்டுகளுக்குள் சுழலட்டும். மேல்பலகையில் கேமுக்கு நேர்மேலே துளையிட்டு, 3 செ.மீ. நீளக் குழல் துண்டை உள்ளே தொங்குமாறு ஒட்டி, உலக்கைக் குச்சியை அதற்குள் இறக்குங்கள். குழல் இல்லாமல் துளையை மட்டும் நம்பினால் உலக்கை சாய்ந்து சிக்கும். குச்சியின் அடிநுனியில் ஒரு சட்டைப் பொத்தானை ஒட்டுங்கள். அது வழுவழுப்பாகக் கேமின்மீது சறுக்கும். பெரிய அட்டை வட்டத்தை ஒட்டினால், வெட்டின் விளிம்பு அதைத் தாண்டும்வரை உலக்கை காத்திருந்து மந்தமாக இறங்கும். “டொக்” என்ற சத்தம் வராது.

இங்கே மூன்று சிக்கல்கள் உண்டு. உலக்கையின் கனம் போதாவிட்டால் அது மேலேயே நின்றுவிடும், ஆகையால் பொத்தானுக்கு மேலே இரண்டு இரும்பு நட்டுகளைக் கோர்த்து ஒட்டுங்கள். குச்சி சுற்றியும் கேம் சுற்றாமல் வழுக்கினால், கேமின் இரண்டு பக்கங்களிலும் குச்சியைச் சுற்றிச் சூட்டுப் பசை போடுங்கள். நத்தைக் கேமை எதிர்ப்பக்கமாகச் சுற்றினால் வெட்டில் உலக்கை மோதிப் பெட்டியே பிய்ந்துவிடும் என்பதால், கைப்பிடிக்குப் பக்கத்தில் திசையைக் காட்டும் பெரிய அம்புக்குறியைக் கட்டாயம் வரையுங்கள். பார்க்க வரும் தம்பி தங்கைகள் முதலில் எதிர்ப்பக்கமாகத்தான் சுற்றுவார்கள்.

8. ஆவணங்கள்

மாதிரி நன்றாக ஓடினாலும் தாள் வேலை குறைவாக இருந்தால் மதிப்பெண் குறையும். ஒரு கோப்பில் இவற்றை வையுங்கள்: பாகங்களின் நீளத்தோடு கூடிய உண்மை அளவுப் படம், அச்சுகள் சிவப்பு, நீலத்தில் குறித்தபடியே, பொருள் பட்டியலும் செலவும், கடை பில்லோடு, ஒரு பக்கத்துக்கு மிகாத செயல்முறை விளக்கம், ஒரு சிறிய அளவீட்டு அட்டவணை. வழிகாட்டி ஆசிரியரின் கையெழுத்தைக் கடைசி நாளில் தேடாதீர்கள். பள்ளிக்கு வெளியே, மாவட்ட அளவில் போவதானால் தலைமை ஆசிரியரின் கையெழுத்தும் முத்திரையும் உள்ள சான்றும் கேட்பார்கள்.

அளவீட்டு அட்டவணைக்கு ஓர் எளிய வழி: 30 செ.மீ. அளவுகோலை நடுவில், அதாவது 15-இல் தாங்கவையுங்கள். ஒரு பக்கம் 4 செ.மீ. தொலைவில் ஒரே மாதிரியான நட்டுகள் மூன்று, மறுபக்கம் 12 செ.மீ. தொலைவில் ஒன்று வைத்தால் சமநிலை வரும். தாங்கும் இடத்தை நடுவிலிருந்து நகர்த்திச் சோதிக்காதீர்கள். அளவுகோலின் சொந்த எடையும் கணக்கில் புகுந்து விடையைக் குழப்பிவிடும்.

ஒன்றிய அரசின் அறிவியல் தொழில்நுட்பத் துறையின் இன்ஸ்பயர்-மானக் திட்டத்தைப் பற்றியும் பலர் கேட்கிறார்கள். அதற்கு மாணவர் தாமாக விண்ணப்பிக்க முடியாது. பள்ளிதான் யோசனையை இணையம் வழியே பரிந்துரைக்க வேண்டும். தேர்வானால் மாதிரி செய்ய 10,000 ரூபாய் மாணவரின் வங்கிக் கணக்குக்கு வரும். ஆனால் அது புதிய யோசனைக்கான விருது. உலக்கைப் பெட்டியை அப்படியே அனுப்பிப் பயனில்லை. வீட்டிலோ வயலிலோ இருக்கும் ஒரு சிரமத்தை நெம்புகோலைக் கொண்டு எப்படிக் குறைப்பது என்று யோசித்தால் வாய்ப்பு உண்டு.

9. கால அளவு

ஒரு வாரம் வைத்துக்கொள்ளுங்கள். படத்துக்கு ஒரு மாலை, டிராயிங் பின்னைக் குத்திச் சோதிக்க ஒரு மாலை, வெட்டி ஒட்ட ஒரு விடுமுறை நாள். சூட்டுப் பசை ஒரு நிமிடத்தில் கெட்டியாகிவிடும்; பெவிகால் முழுப் பிடிப்புக்கு ஓர் இரவாவது வேண்டும், அதற்குள் சுற்றிப் பார்த்தால் ஒட்டு விட்டுவிடும். வண்ணம் பூசுவதைக் கடைசியில் வையுங்கள், அதுவும் அச்சுத் துளைகளை விட்டுவிட்டு. கடைசி இரண்டு நாள்களை ஓட்டிப் பார்ப்பதற்கென்றே விட்டுவிடுங்கள். ஐப்பசி, கார்த்திகை மழையில் அட்டை ஈரத்தை இழுத்து ஊதும். நேற்று வழுவழுவென்று ஓடிய குச்சி இன்று பிடிக்கும். துளையை வழவழப்பாக்க மெழுகுவர்த்தித் துண்டால் குச்சியைத் தேய்த்தால் போதும். எண்ணெய் விட்டால் அட்டை ஊறிவிடும்.

10. கண்காட்சி நாளில்

ஒரு சிறு பையில் உதிரி நட்டு, வாஷர், இரண்டு குச்சி, பசை நாடா ஆகியவற்றை எடுத்துச் செல்லுங்கள். மாதிரியைக் கீழே ஒரு பலகையில் ஒட்டி வைத்தால், சுற்றும்போது பெட்டி மேசையில் நகராது. உள்ளே இருப்பது தெரிய, பின்சுவரைத் திறந்தே வையுங்கள். நடுவர்கள் பெட்டிக்குள்தான் எட்டிப் பார்ப்பார்கள்.

கேட்கப்படும் கேள்விகள் பெரும்பாலும் இவைதான். “இது எத்தனையாம் வகை நெம்புகோல்?” நடுவில் இருப்பது எது என்று பார்த்துச் சொல்லச் சொல்லுங்கள்: கத்தரிக்கோலில் ஆதாரப் புள்ளி (நிலை அச்சு) நடுவில், அது முதல் வகை, பாக்குவெட்டியில் பாக்கு நடுவில், அது இரண்டாம் வகை, இடுக்கியில் விரல் அழுத்தும் இடம் நடுவில், அது மூன்றாம் வகை. தலை குனியும் காகத்திலும் இழுக்கும் பட்டைதான் நடுவில் இருக்கிறது, ஆகையால் அதுவும் மூன்றாம் வகை. “நெம்புகோல் வேலையைக் குறைக்கிறதா?” என்பது இரண்டாவது கேள்வி, இதில்தான் நன்றாகப் படிக்கும் பிள்ளைகள்கூட மாட்டிக்கொள்கிறார்கள். குறைக்காது. விசை குறைந்தால் தூரம் அந்த அளவுக்குக் கூடும். உராய்வுக்குக் கொடுப்பதையும் சேர்த்தால், நாம் செய்யும் வேலை பளுவின்மேல் நடக்கும் வேலையைவிடச் சற்று அதிகமாகவே இருக்கும். கையில் இருக்கும் மாதிரியை ஆட்டிக் காட்டி, பட்டை 2 செ.மீ. நகர்ந்ததையும் தலை 8 செ.மீ. நகர்ந்ததையும் அளவுகோலால் அளந்து பிள்ளையே இதைச் சொல்லும்படி முதல் நாள் இரவு ஒருமுறை பழக்கிவிடுங்கள்.